ஆள் இல்லாத படம்

மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, ரொட்டியைப் பிட்டுப் பாலாடையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டே, இஷெனாலி ஓரக்கண்ணால் கிழக்கு மலையைப் பார்க்கிறார். சூரியன் முகட்டைத் தாண்டிவிட்டது. ஏரிக்கரை நாணலில் உறைபனி ஒட்டியிருப்பதும், தண்ணீருக்கு மேலே ஆவி எழும்பி நிற்பதும் இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கழுத்தில் கேமரா தொங்குகிறது. கையில் ரொட்டி. இன்னும் இரண்டு வீடு பாக்கி.

"மெதுவா மெல்லுங்க அத்தான். நாணல் எங்க ஓடிடப் போகுது?" என்கிறாள் அனார்கான். இஷெனாலியின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள். அத்தானைக் கிண்டல் செய்வது பிறப்புரிமை என்று நினைப்பவள்.

"நாணல் ஓடாது. வெளிச்சம் ஓடிடும்."

"ஓடினா நாளைக்கு வரும். பாலாடை வராது. மாடு வத்திக்கிட்டு வருது."

இஷெனாலி இன்னொரு துண்டு பிட்டுக்கொள்கிறார்.

கிர்கிஸ்தானில், இசிக்குல் ஏரியின் கிழக்குக் கரையில் எங்கள் தெரு ஏரியைப் பார்த்து இறங்குகிறது. காலையில் தேநீர் நேரத்தில் அந்தத் தெருவில் யார் நடந்தாலும் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நின்று ஒரு விள்ளல் ரொட்டியாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அவசரம், வயிறு சரியில்லை, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற சாக்கெல்லாம் செல்லாது. எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. ரொட்டியை மறுத்துவிட்டுப் போனவன் எங்கள் தெருவில் ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் அவனைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.

இஷெனாலி பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். இரவெல்லாம் வேலை. காலையில் மாற்று ஆள் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முகம் கழுவும் நேரத்தில் வெளிச்சம் போய்விடுமாம். வெள்ளை வெளேரென்று கிடக்கும் பனியில் அவர் நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ எரிந்த அடுப்புக்கட்டையைத் தூக்கி வெளியே போட்ட மாதிரி இருக்கும். கேமரா மகன் கொடுத்தது. மகன் புதுத் தொலைபேசி வாங்கியபோது இது அப்பாவுக்கு வந்தது. வரும்போது வெள்ளி நிறமாக இருந்தது. இப்போது அதன் பொத்தானைச் சுற்றி நிரந்தரமாக ஒரு கறுப்புக் கட்டைவிரல் தடம்.

குளிரில் பேட்டரி உயிரை விட்டுவிடும் என்பதால் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். படம் எடுக்க வேண்டிய நேரத்தில் மேலங்கிக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவுவார். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். கேமராவோடு பேசவும் செய்வார். "இரு, இரு. அவசரப்படாத. அந்த வாத்து திரும்பட்டும்." வாத்து திரும்பாது. இவரும் விட மாட்டார்.

ஊரில் கல்யாண நாள், பிறந்த நாள் எதுவானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கணவன் மனைவியை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும்போது அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "என்ன இது, நடுவுல ஒரு ஆடு புகுந்து போற அளவுக்கு இடம் விட்டு நிக்கிறீங்க. ஒட்டுங்க." நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒட்டுவார்கள். ஆனால் அவருக்கு மனிதர்களைப் படம் எடுப்பதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இந்த இரண்டு குளிர்காலமாக அவர் எடுக்கத் தவிப்பது வேறு ஒரு படம்.

அவர் மனைவி சைராகான் போன வருஷம் இலையுதிரும்போது தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகன் அழைத்துப் போனான். ஒன்பதாவது மாடி. மூன்று பிள்ளைகள். ஒரு குளிர்காலம் என்று போனவளுக்கு இது இரண்டாவது குளிர்காலம். முதலில் தினமும் அழுதாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை அலுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் பேச்சுவாக்கில் அந்த மாடியை "நம்ம வீடு" என்கிறாள். பழகிவிட்டால் வர மாட்டாள். அவர் பயமெல்லாம் அதுதான்.

அவளே ஒருநாள் கேட்டாள். "கிழவனாரே, எனக்கு ஒரு படம் அனுப்புங்க. நம்ம ஏரிக்கரை. சாய்ஞ்ச தூண் இருக்குல்ல, அந்த இடம். காலை வெயில்ல, நாணல் எல்லாம் வெள்ளையா இருக்கும்போது. ஆனா ஒண்ணு, அதுல ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. இங்க எங்க திரும்பினாலும் ஆள். லிஃப்டுல ஆள், கழிப்பறை வாசல்ல ஆள், தூக்கத்துல கூட யாராவது காலை என் மேல போட்டுக்கிட்டுப் படுக்கிறாங்க. ஆளே இல்லாத இடம் ஒண்ணை சமையல்கட்டுச் சுவத்துல மாட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அவ்வளவுதானே பைபிச்சே," என்றார் இஷெனாலி. வீட்டுக்கார அம்மாளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் மனக்கணக்கு இது: அந்தப் படத்தைப் பார்த்தால் அவளுக்கு ஊர் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் ஏக்கம் வரும். ஏக்கம் வந்தால் பேருந்து ஏறி அவளே வந்துவிடுவாள்.

சாய்ந்த தூண் என்பது பழைய படகுத் துறையில் மிஞ்சி நிற்கும் ஒற்றைக் கட்டை. சைராகான் காலையில் அதில் சாய்ந்து நின்றுதான் மாட்டைக் கூப்பிடுவாள். அதன் முன்னால் ஒரு திட்டு சமனாகப் பனி படிந்து கிடக்கும். பின்னால் நாணல், அதன் பின்னால் ஆவி பறக்கும் தண்ணீர், நாலைந்து அன்னப்பறவைகள், அக்கரை மலை. அந்தப் பனித்திட்டில் ஒரு கால்தடம் விழ இஷெனாலி விடுவதில்லை. மாடுகளை விரட்டுவார். நாய்களைத் திட்டுவார். தானே சுற்றிக்கொண்டு முள்ளுப்புதர் வழியாகப் போய்க் கால்சட்டையைக் கிழித்துக்கொள்வார்.

ஆனால் துர்துமாமத்தை என்ன செய்வது? துர்துமாமத் மாடு மேய்க்கிறவன். குதிரை மேல் வருவான், தலையில் நரித்தோல் தொப்பி. இஷெனாலி கேமராவைக் கண்ணில் வைத்ததைப் பார்த்தால் போதும், அந்தத் தூணின் பக்கத்தில் வந்து நின்றுவிடுவான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பதுபோல.

"நகரு தம்பி. நான் நாணலை எடுக்கிறேன்."

"தெரியுது அண்ணே. வெறும் நாணலை எடுக்கிறீங்களேன்னுதான் வந்தேன். ஆள் இல்லாம படம் மொட்டையா இருக்கும்."

"மொட்டையாத்தான் வேணும். என் வீட்டுக்காரி ஆள் இல்லாத படம் கேட்டிருக்கா."

துர்துமாமத் யோசித்தான். பெரிய மனசுக்காரன், உதவி என்றால் தட்ட மாட்டான். குதிரையிலிருந்து இறங்கி, குதிரையை அங்கேயே தூணருகில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஒதுங்கிக்கொண்டான். "இப்ப ஆள் இல்லையே," என்றான்.

குதிரையும் வேண்டாம் என்று விளக்குவதற்குள் ஆவி கலைந்துவிட்டது. அடுத்த முறை அவன் குதிரையோடு நாணலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அன்று வெளிச்சம் அருமையாக இருந்தது. இஷெனாலி படம் எடுத்து, கேமராவின் சின்னத் திரையைத் தொலைபேசியால் படம் பிடித்து, பிஷ்கெக்குக்கு அனுப்பினார். வேறு வழியில் அனுப்ப அவருக்குத் தெரியாது. உடனே அழைப்பு வந்தது.

"நாணலுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கிறது துர்துமாமத்தோட தொப்பிதானே?" என்றாள் சைராகான்.

"அட, ஆமா."

"இன்னும் அந்தத் தொப்பியைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறானா? அவன் பொண்டாட்டி புதுசு தைக்கிறேன்னாளே. அவளுக்கு முழங்கால் வலி தேவலையா? பக்கத்துல காது மாதிரி தெரியுதே, அது குதிரையா? குதிரை ஏன் இளைச்சிருக்கு?"

காதை வைத்துக் குதிரை இளைத்ததைக் கண்டுபிடித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நெடுநேரம் விசாரித்தாள். கடைசியில், "படம் சரியில்ல. ஆள் இருக்கு. வேற எடுங்க," என்று வைத்துவிட்டாள்.

துர்துமாமத்தை ஒருவழியாக மேட்டுப்பக்கம் மேய்க்க அனுப்பியாயிற்று. இனி ரொட்டிதான் தடை. ஐந்து வீட்டு ரொட்டியையும் முடித்துக்கொண்டு கரைக்குப் போனால் நாணலிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒருநாள் இஷெனாலி துணிந்து ஒரு காரியம் செய்தார். தெருவை விட்டுவிட்டு, வீடுகளின் பின்பக்கம் வாய்க்கால் ஓரமாகக் குனிந்து போனார். மூன்றாவது வீட்டுக் கொல்லையில் நாய் குரைத்தது. வாய்க்காலில் பனிக்கட்டி உடைந்து ஒரு கால் முழங்கால்வரை இறங்கியது. சாம்பல் கொட்ட வந்த அனார்கான் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவர் ஈரக்காலோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. இஷெனாலி ரொட்டிக்குப் பயந்து கொல்லை வழியாக ஓடுகிறார். ஏன் ஓடுகிறார்? வயிற்றில் கட்டி. கட்டி இல்லை, தெருவோடு கோபம். கோபம் இல்லை, கட்டிதான், அதை மறைக்கிறார். சாயந்தரம் ஐந்து வீட்டுக்காரர்களும் அவரைப் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு வருவார்களா? ஆளுக்கொரு ரொட்டி. ஐந்தையும் அவர்கள் கண்முன்னாலேயே தின்று காட்டிய பிறகுதான் எழுந்து போனார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே பிஷ்கெக்கிலிருந்து அழைப்பு.

"உங்களுக்கு வயித்துல கட்டின்னு அனார்கான் சொல்றா. எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல பைபிச்சே."

"பின்ன ஏன் முனகறீங்க?"

"அஞ்சு ரொட்டி தின்னிருக்கேன்."

இப்படியே போயிருந்தால் குளிர்காலமும் போயிருக்கும். புது வருஷம் பிறந்த பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. பக்கத்து ஊரில் ஒருவருக்கு அறுபது நிறைந்து பெரிய விருந்து. எங்கள் தெரு மொத்தமும் முதல்நாளே சிற்றுந்துகளில் ஏறிப் போய்விட்டது. கொதிகலனை விட்டுப் போக முடியாததால் இஷெனாலி மட்டும் தங்கினார். காலையில் வேலை முடிந்து அவர் தெருவில் இறங்கியபோது ஒரு புகைபோக்கியிலும் புகையில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் மூன்றாவது வீட்டு வாசலில் கால் தானாக நின்றது. யாரும் கூப்பிடவில்லை. மேலே நடந்தார்.

அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல நீலமாக இருந்தது. நாணல் ஒவ்வொன்றிலும் வெள்ளை முள். தண்ணீருக்கு மேல் ஆவி இளம் மஞ்சளாக எழும்பிக்கொண்டிருந்தது. அன்னங்கள் இரண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு, சொல்லிவைத்தாற்போல் சரியான இடத்தில் மிதந்தன. பனித்திட்டில் ஒரு தடமில்லை. சாய்ந்த தூணின் நிழல் மட்டும் நீளமாக விழுந்திருந்தது. இஷெனாலிக்குப் பசித்தது. இந்த இடத்துக்கு வெறும் வயிற்றோடு அவர் வந்ததே இல்லை. கக்கத்திலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பிரமாதம். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். அனார்கானின் நாய்தான் நின்றது. குனிந்து அதற்குக் காட்டினார். நாய் கேமராவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம், ஆனால் அவருக்கு என்னவோபோல் இருந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் படத்தை அனுப்பினார்.

அழைப்பு வரவில்லை. மறுநாள் விருந்திலிருந்து திரும்பிய அனார்கான் ஒரு பை நிறைய ஆட்டுக்கறி கொண்டுவந்து கொடுத்து, "படம் என்ன ஆச்சு?" என்றாள். "போயிருக்கு," என்றார். அதற்கும் மறுநாள் மத்தியானம்தான் தொலைபேசி அடித்தது.

"படம் வந்துச்சு," என்றாள் சைராகான்.

"ஆள் இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"பாத்தேன். பெரிசாக்கியும் பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல." அவள் பின்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது. "எல்லாரும் எங்க போனாங்க?"

"விருந்துக்கு."

"மாடு?"

"மாடும் இல்ல. நீதானே கேட்ட?"

"நான்தான் கேட்டேன்." பிள்ளையை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வந்தாள். "அழகாத்தான் இருக்கு. அச்சுப்போட்டு சுவத்துல மாட்டிப் பாத்தேன். தூணைப் பாத்தா, யாரோ செத்துப்போன வீட்டு வாசல் மாதிரி இருக்கு. கழட்டிட்டேன்."

இரண்டு குளிர்காலத்து உழைப்பு. இஷெனாலிக்குக் கோபம் வந்தது. தொலைபேசியை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கீழ மூலையில கறுப்பா ஒண்ணு இருக்கே, அது என்ன?" என்றாள் அவள்.

அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் எடுத்துப் பார்த்தார். கேமராத் திரையைத் தொலைபேசியால் படம் பிடித்தபோது விரல் குறுக்கே வந்துவிட்டிருக்கிறது. "என் கட்டைவிரல். அதை வெட்டிட்டுப் பாத்துக்கோ."

"எதுக்கு வெட்டணும்? ரெண்டு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் குரல் இறங்கியது. "நகத்துல எவ்வளவு கரி. கழுவறதே இல்லையா?"

"கழுவறேன்."

"பொய்."

"கழுவினா வெளிச்சம் போயிடும் பைபிச்சே."

"போனாப் போகட்டும்," என்றாள் சைராகான். பிறகு சம்பந்தமில்லாமல், "நவ்ரூஸ் பண்டிகை கழிஞ்சதும் சின்னவனையும் பாலர் பள்ளியில சேர்த்துக்குவாங்களாம். மருமக சொல்றா."

"சேர்த்தா?"

"சேர்த்தா என்ன. சேர்த்துக்குவாங்க." அவ்வளவுதான். பிள்ளை தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த காலை வேலை முடிந்ததும் இஷெனாலி சோப்புப் போட்டு முகம் கழுவினார். நகத்தைத் தூரிகையால் தேய்த்தார். மாற்று ஆள் வந்து, "நீங்க யாரு, இஷெனாலி எங்க?" என்று கேட்டான். விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஐந்து வீட்டிலும் நின்று, நிதானமாக மென்று, பாலாடை கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார். கிழக்குப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன அத்தான், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் அனார்கான்.

"பொண்ணுக்குக் காட்டப் போறேன்."

கரைக்குப் போனபோது உறைபனி உருகி நாணல் பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவி இல்லை, அன்னங்கள் எங்கோ போய்விட்டன. சாதாரண வெயில். கேமராவை ஒரு மரக்கட்டை மேல் வைத்தார். தானாக எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு குளிர்காலமாகக் காத்த பனித்திட்டில் தொப்பு தொப்பென்று ஓடினார். போய்ச் சேருவதற்குள் படம் விழுந்துவிட்டது. பார்த்தால் முதுகும் கால்சட்டைக் கிழிசலும். இரண்டாவது முறை சறுக்கி உட்கார்ந்துவிட்டார். பனித்திட்டு இப்போது ஆட்டுப்பட்டி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது முறை ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். முகம் தானாகவே கடவுச்சீட்டு முகம் ஆனது. பிறகு என்ன நினைத்தாரோ, சைராகான் சாய்ந்து நிற்கும் தூணைவிட்டு வலப்பக்கம் ஓரடி நகர்ந்து நின்றார்.

அப்போது மேட்டிலிருந்து துர்துமாமத் வந்துகொண்டிருந்தான். அண்ணன் தனியாக நின்று படம் எடுப்பதைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்குமா? குதிரையிலிருந்து குதித்து, ஓடிவந்து, தூணுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து நேராக வந்தான்.

"அங்க நிக்காத," என்றார் இஷெனாலி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏண்ணே? இடம் காலியாத்தானே கிடக்கு."

"ஆள் இருக்கு."

கேமராவின் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கியது. இஷெனாலி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே, தேய்த்துக் கழுவிய கையை இடப்பக்கம் நீட்டி அந்த இடத்தை மறித்துக்கொண்டார்.